ஜன்னலுக்குக் கீழே ஒரு திடல்

ஃபேரர் பார்க்கில் எழும் புதிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்குக் குடிவரப்போகும் குடும்பங்களுக்கு,



சாவிக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு முதலில் வாழ்த்து. ஜாலான் புசார் பக்கத்தில் புதுவீடு கிடைப்பது லேசான காரியமல்ல. தேக்கா சந்தையும் பெக் கியோ சந்தையும் நடந்துபோகும் தூரம். பெருமாள் கோயில் கூப்பிடு தூரம். பொங்கலுக்குக் கரும்பு வாங்க நீங்கள் பேருந்து ஏற வேண்டியதில்லை.

நான் இந்த வட்டாரத்தில் நெடுநாளாகக் குடியிருப்பவன். நீங்கள் வந்தபிறகு எழுதினால், புதிதாக வந்தவர்களுக்குப் பழையவர் பாடம் எடுப்பதுபோல் ஆகிவிடும். அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். உங்கள் புளோக்குகள் நிற்கும் மண் தலைமுறை தலைமுறையாக விளையாட்டுக்கு விடப்பட்ட மண். அதில் ஒரு துண்டு இனியும் திடலாகவே இருக்கப்போகிறது. அங்கே யார் ஆடலாம், எத்தனை மணிவரை ஆடலாம், ஞாயிற்றுக்கிழமை யார் புல்லில் உட்காரலாம் என்பதையெல்லாம் அரசாங்க அமைப்புகள் காகிதத்தில் எழுதும். நடைமுறையில் தீர்மானிக்கப்போவது உங்கள் ஜன்னல்கள்தான். அதைப்பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

2021 மார்ச் மாதம் இந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சுமார் 10 ஹெக்டர் நிலம், ஏறக்குறைய 1,600 வீடுகள், நடுவில் பலவகை ஆட்டங்களுக்குமான திடல் என்று வரைபடம் வெளியானது. குத்துச்சண்டைக் கூடமும் பழைய நீச்சல் வளாகத்தின் ஒரு பகுதியும் காப்பாற்றப்படும் என்றார்கள். திடலை அப்படியே விட்டுவிடக் கேட்டு இணையத்தில் கையெழுத்து மனு கிளம்பியது. வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளம் தம்பதிகளை யார் நினைப்பது என்று மறுபக்கம் கேட்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நான் அந்த வழக்கை மறுபடி திறக்க வரவில்லை. வீடு வருவது உறுதியாகிவிட்டது, வரட்டும். மீதமிருக்கும் திடலின் கதி என்ன என்பதே இப்போதைய கேள்வி.

அதற்கு முன் இந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் 1842இல் தொடங்கி, அடுத்த ஆண்டே இங்கே குதிரைப் பந்தயம் நடத்தியது. ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் அப்படித்தான் வந்தது. 1911இல் சிங்கப்பூர் வானில் முதல் விமானம் எழும்பியதும் இந்தப் பந்தயத் திடலிலிருந்துதான். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது. பிறகு கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபரில் அங்கேயும் கடைசி ஓட்டம் முடிந்து, அந்த நிலமும் வீடுகளுக்குத் திரும்புகிறது. குதிரைகள் கிளம்பிப்போன பிறகு இந்தத் திடலுக்கு நகராட்சித் தலைவராக இருந்த ஃபேரரின் பெயர் நிலைத்தது. பணக்காரர்கள் பந்தயம் கட்டிய நிலத்தில் சாதாரண ஜனங்கள் பந்து உதைக்க ஆரம்பித்தார்கள். இந்த நகரத்தில் ஒரு நிலம் மேலிருந்து கீழே இறங்கிவந்த அபூர்வமான சம்பவம் அது.

அபூர்வம் என்று ஏன் சொல்கிறேன்? அந்தக் காலத்தில் திடல் என்றாலே ஆள் பார்த்துத்தான். பாடாங்கின் ஒரு முனையில் 1852இல் தொடங்கிய சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப், வெள்ளைக்காரர்களுக்கு. மறுமுனையில் 1883இல் வந்த ரிக்ரியேஷன் கிளப், யுரேஷியர்களுக்கு. இந்தியர்கள் 1923இல் தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். இலங்கைத் தமிழர்கள் 1928இல் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பைக் கண்டார்கள். சீக்கியர்கள் 1931இல் கல்சா சங்கத்தை நிறுவினார்கள். இந்த மூன்றும் பாலஸ்டியர் பகுதியில், இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், இன்றும் இருக்கின்றன. இந்தியர் சங்கக் கட்டடத்துக்கு 1950இல் அடிக்கல் நாட்டியவர் நேரு. ஹாக்கியும் கிரிக்கெட்டும் ஆட ஓர் இடம் வேண்டும் என்ற ஆசைக்குள்ளே, நாங்களும் இந்த ஊர்க்காரர்கள்தான் என்ற கோரிக்கையும் இருந்தது. சங்கத்துக்கு உறுப்பினர் அட்டை உண்டு. ஃபேரர் பார்க்குக்கு எந்த அட்டையும் கிடையாது. வந்தவரெல்லாம் ஆடினார்கள்.

ஜாலான் புசாரில் இன்னொரு களமும் உண்டு. டிரிட் சாலை விளையாட்டரங்கம் 1929 டிசம்பரில் திறக்கப்பட்டது. காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் 1973இல் வரும்வரை மலாயாக் கிண்ணம், பிறகு மலேசியக் கிண்ணம் என்று இந்த ஊரின் காற்பந்து ஆர்ப்பாட்டமெல்லாம் இங்கேதான். 1999இல் மூடி, இடித்துக் கட்டி, 2003இல் மீண்டும் திறந்தார்கள். சுமார் 6,000 இருக்கைகள், செயற்கைப் புல், காற்பந்துச் சங்கத்தின் தலைமையகம் எல்லாம் உண்டு. எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு. ஆனால் அரங்கத்துக்கு ஒரு கதவு இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். இறங்கி ஆட முடியாது. பார்ப்பதற்கு ஓர் இடம், ஆடுவதற்கு ஓர் இடம் என இந்த வட்டாரத்துக்கு இரண்டும் வாய்த்திருந்தன. முதலாவது பத்திரமாக இருக்கிறது. இரண்டாவதுதான் உங்கள் ஜன்னலுக்குக் கீழே வரப்போகிறது.

இந்த இரண்டு களங்களையும் 1942 பிப்ரவரி ஒரே வாரத்தில் தொட்டது. 17ஆம் தேதி, பிரிட்டிஷ் படை சரணடைந்த இரண்டாம் நாள், நாற்பதாயிரத்துக்கும் அதிகமான இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க்கில் கூட்டி, ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் விதை அங்கேதான் விழுந்தது. அடுத்தடுத்த நாட்களில் ஜாலான் புசார் அரங்கத்தைச் சுற்றிச் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். சூக் சிங் என்று வரலாறு சொல்லும் அந்தக் களையெடுப்பில் போனவர்கள் பலர் திரும்பவில்லை. வேறெவரோ ஆட்களை நிறுத்திப் பிரித்த திடல்கள் இவை. போருக்குப் பின் அதே புல்லில் பிள்ளைகள் தாங்களாகக் கூடி, தாங்களாக அணி பிரித்து ஆடினார்கள். மனிதரைத் தரம்பிரிப்பதும் அணிபிரிப்பதும் ஒரே மண்ணில் நடந்திருக்கின்றன. எது தொடர வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

1950களில் ஃபேரர் பார்க்கில் அரசியல் கூட்டங்கள் நடந்தன. 1957இல் நீச்சல் குளம் திறந்தது, 2003வரை இயங்கியது. ஓடுபாதையில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. இங்கே பயிற்சி செய்தவர்களில் ஒருவர் ஆசிரியராக இருந்த சி. குணாளன். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை முப்பத்துமூன்று ஆண்டு நின்றது. 2001இல் அதை ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு குறைத்து முறியடித்தவர் யு. கே. ஷியாம். பெரிய அரங்கம் பெரிய ஆட்டக்காரரை உருவாக்குவதில்லை. பள்ளி முடிந்ததும் பை எறிந்துவிட்டு ஓட ஓர் இடம் இருந்தால், அவர்கள் அங்கே தாமாக முளைக்கிறார்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வேலி அடைக்கும்வரை இந்தத் திடலின் ஞாயிறு மாலைகள் வெளிநாட்டு ஊழியர்களுடையவை. தஞ்சை, புதுக்கோட்டை, நாகைப் பக்கத்துப் பிள்ளைகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் லாரியிலும் எம்ஆர்டியிலும் வந்து இறங்குவார்கள். ஒரு கூட்டம் வட்டமாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசும். ஒரு கூட்டம் செருப்பை விக்கெட்டாக நட்டுக் கிரிக்கெட் ஆடும். பட்டுக்கோட்டைக்காரர் பந்து வீசுவார். டாங்காயில்காரர் மட்டை பிடிப்பார். நடுவர் கிடையாது; எல்லை எந்த மரம் என்பதில்தான் தகராறு. ஓரமாக நடந்துபோகும் என்னைப் போன்றவரையும் விடமாட்டார்கள். “அண்ணே, ஒரு ஆள் குறையுது, ஃபீல்டிங் மட்டும் நிக்கிறீங்களா?” என்று கேட்பார்கள். இந்த நகரத்தில் அறிமுகமில்லாத ஒருவர் இன்னொருவரைத் தேவை என்று சொல்லிக் கூப்பிடும் இடம் எத்தனை இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

ஊழியர்களுக்குத் தனியாகப் பொழுதுபோக்கு நிலையங்கள் கட்டியிருக்கிறார்களே என்பீர்கள். பெஞ்சுரு, கிராஞ்சி, துவாஸ் பக்கம் இருக்கின்றன. அங்கே கடை உண்டு, பணம் அனுப்பும் வசதி உண்டு, ஆடுகளமும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் அங்கே ஊழியர் ஊழியரைத்தான் பார்க்கிறார். வாரம் ஆறு நாள் விடுதியில் யாரோடு படுத்தாரோ, வேலையிடத்தில் யாரோடு நின்றாரோ, அவரோடுதான் ஏழாம் நாளும் ஆட வேண்டும் என்றால் அதற்குப் பெயர் ஓய்வு. ஊரோடு கலப்பது ஆகாது.

2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரு தமிழக ஊழியர் பேருந்தில் சிக்கி இறந்தார், கலவரம் வெடித்தது. உங்கள் புளோக்கிலிருந்து அந்த முனை கண்ணுக்குத் தெரியலாம். அதன்பின் இப்பகுதியில் மதுக் கட்டுப்பாடு வந்தது, விளக்குகள் கூடின, காவல் கூடியது. தேவையானவை என்றே பலரும் சொல்வார்கள். 2020இல் கொவிட் விடுதிகளுக்குள் புகுந்தபோது 300,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் அடைபட்டார்கள். 2022 ஜூன் கடைசியில் விதி தளர்ந்தபோதும், ஞாயிறு மற்றும் பொது விடுமுறை நாட்களில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்கு மட்டும் விடுதி ஊழியர்கள் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு 80,000 சீட்டு. நோய்க்காலத்து ஏற்பாடு அது; குறை சொல்வது எளிது. நான் சொல்ல வருவது வேறு. ஒரு சாராருக்கு மட்டும் பொது இடம் சலுகையாகத் தரப்பட்டதை நாம் சில ஆண்டுகள் பார்த்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் நம் கண்ணிலிருந்து இன்னும் போகவில்லை. ஞாயிறன்று புல்லில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தால், இவர்கள் இங்கே இருக்கலாமா என்று நமக்கு ஒரு நொடி தோன்றுகிறதல்லவா, அதைத்தான் சொல்கிறேன்.

அந்த ஒரு நொடி கைபேசிக்குப் போகும்போதுதான் வினை. 2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் பழைய பள்ளிக் கட்டடத்தை ஊழியர் விடுதியாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். விடுதி வந்தது, ஆனால் பேட்டைக்குள் நுழையாமல் போகத் தனிப் பாதையோடு வந்தது. 2016இல் குவீன்ஸ்டவுன் மெய் லிங் ஸ்திரீட்டில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் சிறுவர்கள் பந்து உதைப்பதைத் தடுக்க உலோகத் தடுப்புகளையே நட்டார்கள். முன்னதில் தடுக்கப்பட்டவர்கள் வெளிநாட்டார். பின்னதில் நம் பிள்ளைகள். இதைக் கவனியுங்கள். ஊழியரை விலக்கப் பழகிய கை, சீக்கிரமே பிள்ளைகள் பக்கமும் திரும்பும். அமைதி வேண்டும் என்ற ஒரே காரணத்துக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரி இடைஞ்சல்தான்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. இரவுப் பணி முடிந்து காலையில் தூங்குகிறவர் இருப்பார். கைக்குழந்தை இருக்கும். படுத்த படுக்கையாகத் தாய் இருப்பார். இரவு பத்தரைக்குப் பந்து சுவரில் மோதிக்கொண்டே இருந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். திடலில் குப்பை கிடந்தால் கோபம் வரத்தான் செய்யும். நேரத்துக்கு எல்லை வையுங்கள், குப்பைத்தொட்டி கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. நேரத்தைப் பற்றிய புகாரும் ஆட்களைப் பற்றிய புகாரும் ஒன்றல்ல என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். முதலாவதை ஒரு விதி தீர்க்கும். இரண்டாவது தீரவே தீராது. ஆளைத் துரத்திய பிறகும் தொடரும்.

இடம் இல்லை என்ற பேச்சையும் ஒரு தடவை அளந்து பார்த்துவிடலாம். இந்தத் தீவு 735 சதுர கிலோமீட்டர். 60 லட்சம் பேர் வாழ்கிறோம். ஒவ்வொரு சதுர அடிக்கும் போட்டி உண்டு என்பது உண்மை. அதே தீவில் 2014இல் கோல்ஃப் திடல்கள் மட்டும் சுமார் 1,500 ஹெக்டர் பிடித்திருந்தன, மொத்த நிலத்தில் ஏறக்குறைய 2 விழுக்காடு. அவற்றில் சில பின்னர் மூடப்பட்டு வீடுகளுக்கும் பிற தேவைகளுக்கும் திரும்பிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கணக்கு கணக்குதான். கட்டணம் கட்டி ஆடும் நிலத்தைக் குறைக்கப் பெரும்பாலும் குத்தகை ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்கிறோம். கட்டணமில்லாமல் ஆடும் நிலத்துக்கு ஒப்பந்தமே கிடையாது. அதனால் அதைக் காக்க எவர் கையிலும் பத்திரமும் இல்லை. அக்கம்பக்கத்தாரின் மனசு ஒன்றுதான் அதற்குப் பத்திரம்.

உங்கள் புளோக்கில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் இருப்பார்கள். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை அதைப் பார்த்துக்கொள்ளும். ஒரே தாழ்வாரத்தில் குடிவைப்பதோடு அந்தக் கொள்கையின் வேலை முடிந்தது. மின்தூக்கியில் ஆளுக்கொரு மூலையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு இறங்குகிற நம்மைப் பேசவைக்க எந்த விகிதாசாரத்தாலும் முடியாது. பந்தால் முடியும். பந்தைத் திருப்பிப் போடச் சொல்லித்தான் பல சிநேகங்கள் தொடங்கியிருக்கின்றன. விகிதாசாரத்தில் சேராத ஒருவரும் இங்கே இருக்கிறார். உங்கள் வீட்டுக்குக் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றியவர். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு வீவக வீடு வாங்க வழியில்லை. இந்த ஊரில் அவர் உங்களோடு சமமாக நிற்கக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது ஆடுகளம்தான். அங்கே சம்பளச் சீட்டைப் பார்த்து யாரும் ‘அவுட்’ கொடுப்பதில்லை.

இனி நான் கேட்க நினைப்பவை.

திடலின் நேர அட்டவணை பற்றிக் குடியிருப்பாளர் கூட்டம் கூடும்போது, முன்பதிவு தேவைப்படாத நேரம் கேளுங்கள். முழுவதையும் பதிவுக்கு விட்டால் பயிற்சி நிறுவனங்களும் நிறுவனக் குழுக்களும் வாரக் கடைசியை அள்ளிக்கொள்ளும். ஞாயிறு மாலை கட்டணமும் பதிவும் இல்லாமல் யாருக்கும் திறந்திருக்கட்டும்.

குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் நிழலும் கேளுங்கள். குப்பைக்கும் அசுத்தத்துக்கும் பாதிக் காரணம் அவை இல்லாததுதான். ஆளைக் குறை சொல்லுமுன் வசதியைப் பாருங்கள்.

பெண்களுக்கும் இடம் கேளுங்கள். பழைய திடலின் ஞாயிற்றில் ஆண்கள்தான் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் மகள்களும், உங்கள் வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண்களும் இறங்கி ஆடும் நேரம் ஒன்று வேண்டும். 2023 ஆசிய விளையாட்டில் சாந்தி பெரேரா 200 மீட்டரில் தங்கம் வாங்கியபோது கைதட்டினோம். ஆசிய விளையாட்டின் திடல்தடப் போட்டிகளில் 49 ஆண்டுக்குப் பின் நமக்குக் கிடைத்த தங்கம் அது. அடுத்ததற்கு இன்னொரு 49 ஆண்டு காத்திருக்க வேண்டாம்.

சத்தம் பொறுக்கவில்லை என்றால் முதலில் கீழே இறங்கிப் பேசுங்கள். “தம்பி, வீட்டில் குழந்தை தூங்குது” என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்காத பிள்ளையை நான் இந்த வட்டாரத்தில் பார்த்ததில்லை. செயலியில் புகார் அனுப்பினால் பதில் அதிகாரியிடமிருந்து வரும்; தீர்வு பெரும்பாலும் ஒரு பலகையாகவோ கம்பியாகவோ இருக்கும். ஒருமுறை நட்ட கம்பியைப் பிடுங்க யாரும் மெனக்கெடுவதில்லை.

கடைசியாக, நீங்களும் ஆடுங்கள். ஜன்னலிலிருந்து பார்க்கிறவருக்குத் திடல் சத்தமாகத்தான் தெரியும். உள்ளே நிற்கிறவருக்கு அது ஆட்டம். குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பெட்டி பிரிக்கும் வேலையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் பிள்ளைகளோடு இறங்கி வாருங்கள். ஆள் குறைந்த அணி எது என்று கேட்டு, அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஜாலான் புசார்வாசி ஒருவன்